ஒழுகல் பார்த்த கூலி

மூன்று நாள் என்றார் குணசீலன்.
பாடாங் செராயில் மூன்று நாள் என்பது
பாசார் மாலாமில் கை அள்ளிப் போடும்
கொசுறு மாதிரி, அளவு கிடையாது.
பதினேழாம் நாள் போய் நின்றேன்.

என் வீடு அந்தரத்தில் இருந்தது.
இரண்டு இரும்புத் தூண்கள் தூக்கிப் பிடிக்க
அதன் அடிவயிற்றை முதல்முறை அண்ணாந்து பார்த்தேன்:
கிரீஸ், செம்மண்,
எந்த எஸ்டேட் ரோட்டிலோ ஒட்டிக்கொண்ட செம்பனை நார்.

ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ்.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் கட்டில்.
ஆக்சிஜன் நின்ற மூலையில் அடுப்பு.
முப்பத்தோரு வருஷம் மிஸ்ஸி வேலை பார்த்தவளுக்கு
இதுதான் கட்டுப்படியாகும் வீடா என்று
தங்கச்சி சிரித்தாள்.
அவள் வீட்டு ஹாலில்தான்
பதினாறு இரவும் படுத்தேன்.

இறக்கினார்கள்.
"கியர்பாக்ஸ் முடிஞ்சிருச்சு மிஸ்ஸி.
ஒழுகலும் பார்த்தாச்சு. ஏறிப் பாருங்க."

சிங்க்கில் ஒரு தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.
நான் தம்ளரைக் கவிழ்ப்பதில்லை.
தலையணையில் ஒரு குழி.
ஆஸ்பத்திரி மடிப்பாய் நான் செருகிய விரிப்பை
யாரோ திரும்பச் செருகியிருந்தார்கள்,
அக்கறையாக, தப்பாக.
போர்வையில் டீசல் வாடை.

ஆள் படுத்திருக்கிறது, என் வீட்டில்.

வார்டில் கத்தாமல் வைத்திருந்த கத்தலெல்லாம்
அந்தப் பெங்கெல் தகரத்தில் மோதித் திரும்பியது.
பக்கத்து டயர்கடை ஆ செங் வந்து எட்டிப் பார்த்தான்.
குணசீலன் சாமிபடத்துக்குக் கீழே உட்கார்ந்து
எச்சில் தொட்டு
பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.
ஒரு லோரிக்கு அடியிலிருந்து
இரண்டு கால்கள் மட்டும் நீட்டியிருந்தன.
நீலச் செருப்பு.
ஸ்பானர் சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை.

"மொக்லெஸ்தான்..." என்று ஆரம்பித்தவர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
"சரி மிஸ்ஸி. அம்பது வெள்ளி கழிச்சிர்றேன்."
பில்லின் நாலாவது வரியைக் கோடு போட்டு அடித்தார்.
பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டேன்.
ஜெயித்த மாதிரி இருந்தது,
குருண் தாண்டும் வரைக்கும்.

யானில், கடல் பக்கம், வண்டியை நிறுத்தினேன்.
நடுராத்திரி மழை பிடித்தது.
மல்லாந்து படுத்து, வழக்கம்போல்
எங்கே சொட்டப்போகிறதென்று டார்ச்சை மேலே அடித்தேன்.

கூரையில் சாக்பீஸ் வட்டங்கள்.
நாலு, சதுரமாக.
ஒன்று மட்டும் தள்ளி, என் நெற்றிக்கு நேரே.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிறுக்கல்.
நாலாவதன் பக்கத்தில் எட்டு.

நாலாவதற்கு எதற்கு எட்டு?

வெகுநேரம் கழித்து உறைத்தது.
அது எட்டில்லை.
அவன் ஊரில் நாலை அப்படித்தான் எழுதுவார்கள்.

சதுரம் எனக்குத் தெரிந்ததுதான்: சைரன் நின்ற இடம்.
கழற்றியவன் நாலு போல்ட் ஓட்டையிலும்
சிலிகானை அப்பிவிட்டு விற்றிருக்கிறான்.
பகலில் ஹோஸ் பிடித்தால் அது காட்டிக்கொடுக்காது.
வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தி,
மழைக்குக் காத்திருந்து, விளக்கை அணைத்து,
சொட்டு முகத்தில் விழும்வரை
யாராவது கிடக்க வேண்டும்.
ஒரு மழைக்கு ஒரு வட்டம் என்றால்
ஐந்து இரவு,
பகலெல்லாம் லோரிக்கடியில் கிடந்த அதே முதுகோடு.
எங்கள் பேச்சில் இதற்கு நைட் டூட்டி என்று பேர்.

பில்லை விரித்தேன்.
கோட்டுக்கு அடியிலும் படிக்க முடிந்தது:
ஒழுகல் பார்த்த கூலி, 50.

குணசீலன் தன் கல்லாவிலிருந்து கழித்தாரா,
நீலச் செருப்பின் சம்பளத்திலிருந்தா?
போன் நம்பர் பில்லின் தலையிலேயே இருக்கிறது.
மணி இரண்டேகால்.

நாலு வட்டமும் உலர்ந்திருந்தன.
ஐந்தாவது சொட்டியது.
அதை அடைப்பதற்குள்
நான் போய்க் கத்திவிட்டேனோ என்னவோ.

எழுந்து போய்
அவன் கவிழ்த்த தம்ளரை எடுத்து வந்து
நிமிர்த்தி வைத்தேன்,
தலையணை இருந்த இடத்தில்.